பின்வரிசைக்கும் கேட்ட பிடில்

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது நாம் பாடகர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறோம். அவர் பக்கத்தில் மூன்று மணி நேரம் வாசித்தவர் பெயர் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. நம் அங்கத்தினர் வீடுகளில் வயலினோ மிருதங்கமோ கற்கும் குழந்தைகள் அநேகம். பக்கவாத்யத்தையே ஜீவனமாகக் கொள்ளலாமா என்று யோசிக்கும் அவர்களுக்குப் பயன்படும் என்று மைசூர் டி. சௌடய்யாவின் வாழ்க்கையை எழுதுகிறேன்.

சௌடய்யா 1895-ல், காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசீபுரத்தில் பிறந்தார். 1910 முதல் 1918 வரை மைசூர் சமஸ்தான வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் கடுமையான சிக்ஷை. கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டு வித்வான் என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டை அறிந்தவனுக்குத்தான் பாடகர் அடுத்து எங்கே போவார் என்று தெரியும். ஆலாபனையில் அவர் விட்ட இடத்தில் எடுத்து, அவரைவிடச் சுருக்கமாக வாசித்து, மறுபடி அவரிடமே ஒப்படைப்பதுதான் பக்கவாத்ய தர்மம்.

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. பெரிய பந்தலில் பாடகரின் கணீர்க் குரல் எட்டும். வயலின் நாதம் பாதி தூரத்தில் நின்றுவிடும். இதற்குச் சௌடய்யா கண்ட வழி, நான்கு தந்திகளுக்குத் துணையாக மேலும் மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலின் செய்துகொண்டது. நான் பௌதிகம் படித்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. ஜோடித் தந்திகள் சேர்ந்து ஒலித்தால் நாதம் கனமாகும். ஆனால் இரண்டிலும் ஒரே ஸ்தானத்தில் விரல் பதிய வேண்டும். மயிரிழை பிசகினாலும் அபஸ்வரம் இரட்டிப்பாகக் கேட்கும். வில்லுக்கும் அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே வாத்யத்தை மாற்றியதால் அவருக்கு அப்யாசம் குறையவில்லை, கூடியது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பலத்த நாதம் பாடகரை மூடிவிடக்கூடாது. அந்த அடக்கம் இருந்ததால்தான் அக்காலத்துப் பிரபல பாடகர்கள் பலரும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பாட்டு, சௌடய்யா வயலின், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்ற சேர்க்கை வெகு பிரசித்தம். 1943-ல் வெளிவந்த 'வாணி' என்ற கன்னடப் படத்திலும் மூவரும் சேர்ந்து தோன்றினார்கள்.

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. மைசூரில் ஐயனார் சங்கீதக் கல்லூரியை நிறுவினார். கண்டதேவி அழகிரிசாமி அவரது சிஷ்யர்களில் ஒருவர். 'த்ரிமகுட' என்ற முத்திரையில் கிருதிகளும் இயற்றினார்.

1957-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. பிறர் கச்சேரிகளில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வித்வத் சபைக்குத் தலைமை வகித்தார். 1967 ஜனவரி 19 அன்று காலமானார். பெங்களூரில் 1980-ல் அவர் பெயரால் எழுந்த அரங்கம், வயலின் வடிவிலேயே கட்டப்பட்டது. 

பக்கவாத்யத்தில் இறங்க நினைக்கும் குழந்தைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பாடகர் எவரானாலும் அவர் சுருதிக்கு வாத்யத்தைச் சேர்த்து, அவர் போக்கில் போகப் பழகுங்கள். உங்கள் வாத்யத்தில் குறை இருந்தால் சபையைக் குறை சொல்லாமல் நீங்களே சரிசெய்யுங்கள். பெற்றோர்களும், பக்கத்தில் உட்காருவது தாழ்வு என்று குழந்தையின் ஊக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.