வந்தவருக்கு எத்தனை நாள் உதவலாம்? 400 வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்ட வின்சென்ட் தே பவுல்

போருக்கும் பஞ்சத்துக்கும் பயந்து ஊரைவிட்டு வருபவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவலாம்? பல நாடுகளில் தேர்தல் மேடை வரைக்கும் வந்துவிட்ட கேள்வி இது. கிறிஸ்தவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. அந்நியரை ஏற்றுக்கொள்வது இயேசுவையே ஏற்றுக்கொள்வது என்கிறது மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம். அதில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு என்ற கணக்கு இல்லை. ஆனா கையில் இருக்கும் ரொட்டிக்கும் காசுக்கும் கணக்கு இருக்கே?

இந்த இரண்டுக்கும் நடுவில் 40 வருஷத்துக்கு மேல் உழைத்தவர் புனித வின்சென்ட் தே பவுல்.

யார் இவர்?

1581-ல் தென்மேற்கு பிரான்சில், டாக்ஸ் நகருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1600-ல் குருவானார். ஆரம்பத்தில் அவர் தேடியது ஏழைகளை அல்ல. நல்ல வருமானமுள்ள பதவி கிடைத்தால் குடும்பம் கரையேறும் என்பதுதான் அவர் கணக்கு.

எது அவரை மாற்றியது?

1617, ஷாத்தியோன் என்ற சிற்றூர். ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் படுத்திருப்பதாகத் தகவல் வந்தது. ஞாயிறு பிரசங்கத்தில் வின்சென்ட் அதைச் சொன்னார். அன்று மாலையே ஊர் திரண்டு உணவோடு அந்த வீட்டுக்குப் போனது. அவ்வளவும் ஒரே நாளில் வந்தால் பாதி கெட்டுப்போகும். அடுத்த வாரம் அதே வீடு பட்டினி கிடக்கும்.

இரக்கத்துக்குப் பஞ்சமில்லை, ஏற்பாடுதான் இல்லை என்று புரிந்துகொண்டார். அந்த ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். தினம் ஒருவர் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். வரவு செலவு எழுத வேண்டும். துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியை முதலில் பார்த்துவிட்டு, தனியாக இருப்பவரிடம் கடைசியில் போக வேண்டும். அப்போதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்க முடியும்!

வெளியூர்க்காரர்களுக்கு என்ன விதி?

1621-ல் மாக்கோன் நகரில் பிச்சை எடுப்பவர்கள் நிறைந்திருந்தனர். வின்சென்ட் போட்ட திட்டத்தின்படி உள்ளூர் ஏழைகளின் பெயர்ப் பட்டியல் தயாரானது. அவர்களுக்குக் குறிப்பிட்ட நாளில் உதவி. வழிப்போக்கர்களுக்கு? ஒரு ராத்திரி தங்க இடம், மறுநாள் கையில் 2 'சூ' (அந்தக் காலச் சில்லறைக் காசு) கொடுத்து வழியனுப்பி விடுவது. அவ்வளவுதான்.

இன்றைக்குப் படித்தால் கறாராகத் தெரியும். ஒரு நகரத்தின் கையிருப்பை வைத்துப் போட்ட விதி அது. போக வேறு ஊர் இருப்பவருக்கு அது போதும். ஊரே இல்லாமல் போனவருக்கு?

லொரேன் அகதிகள் வந்தபோது...

அந்தக் கேள்வி 1639-க்குள் வந்தே விட்டது. முப்பதாண்டுப் போரில் லொரேன் பகுதி சூறையாடப்பட்டது. பஞ்சம், கொள்ளைநோய் வேறு. இவர்களை ஒரு ராத்திரியில் வழியனுப்ப முடியாது. அதனால் வின்சென்ட் உதவியை இரண்டாகப் பிரித்தார்.

ஒன்று, ஊரிலேயே உதவி. மத்தேயு என்ற துறவற சகோதரர் பணத்தைக் கந்தல் பையில் மறைத்துக்கொண்டு, படைகளையும் கொள்ளையர்களையும் தாண்டி 50 தடவைக்கு மேல் லொரேன் போய் வந்தார்.

இன்னொன்று, பாரீஸுக்கு வந்துவிட்டவர்களுக்கு. அவர்களைத் தங்கவைத்து வேலை தேடிக் கொடுத்தார்கள். இளம்பெண்களை நம்பகமான வீடுகளில் வேலைக்குச் சேர்க்கும் பொறுப்பை லூயிஸ் தே மரிலாக் ஏற்றார். சொத்தை இழந்தும் கைநீட்டக் கூசிய மேட்டுக்குடி குடும்பங்களுக்கு மாதாமாதம் சத்தமில்லாமல் பணம் போனது. இந்த உதவி பல வருஷம் நீடித்தது.

எங்கே எல்லை வைத்தார்?

1650-களில் பிக்கார்டி, ஷாம்பேன் பகுதிகளும் போரில் நாசமாயின. முதியவர், நோயாளி, அநாதைக் குழந்தைக்கு உணவும் துணியும். உடம்பில் தெம்பு வந்தவருக்கு விதையும் வேலைக்கான கருவியும், அதற்குப் பிறகு சும்மா எதுவும் கிடையாது. 

எங்கே விலகி நின்றார்?

பாரீஸில் பிச்சையெடுப்பதை ஒழிக்க ஏழைகளை ஒரே நிறுவனத்தில் அடைக்கும் அரசாணை 1656-ல் வந்தது. போரால் ஊரைவிட்டு வந்தவர்களும் அந்த ஏழைகள் கூட்டத்தில் இருந்தனர். விரும்பி வரும் சிலரோடு சின்னதாகத் தொடங்கலாம் என்பதுதான் வின்சென்ட்டின் நிலைப்பாடு. கட்டாயப்படுத்துவதில் அவருக்கு உடன்பாடில்லை. அந்த நிறுவனத்தின் ஆன்மிகப் பொறுப்பை அவருடைய சபைக்குக் கொடுத்தபோது, ஏற்க மறுத்தார்.

அவர் எல்லை வைத்தது ரொட்டிக்கும் காசுக்கும். தொடர்ந்து உதவ வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். ஏழையை அடைத்துவைக்க அந்த எல்லையை அவர் பயன்படுத்தவில்லை. இன்றைய விவாதங்களில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

இன்று?

1660 செப்டம்பர் 27-ல் இறந்தார். 1737-ல் புனிதர் பட்டம். தமிழ்நாட்டுப் பங்குகளில் நாம் பார்க்கும் வின்சென்ட் தே பவுல் சபை அவர் தொடங்கியது அல்ல. 1833-ல் பாரீஸில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் அவர் பெயரில் தொடங்கியது. பணத்தை அனுப்பிவிட்டு ஒதுங்காமல், வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்த்து உதவுவது அதன் வழக்கம். ஷாத்தியோனில் 1617-ல் வின்சென்ட் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.