பதவிகள் கைவிட்ட பிறகு எழுதப்பட்ட முகத்திமா

வரலாற்றியலின் முன்னோடி என்று உலகம் மதிக்கும் இப்னு கல்தூன், அரசியலில் தோற்றுப்போனவர் என்பது பலருக்குத் தெரியாது.

1332-ல் துனிஸில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். பிறகு அரசவைகளே அவர் வாழ்க்கையாயின. ஃபெஸ் நகரில் சுல்தானின் செயலாளராக இருந்தவர், சதிகாரர் என்ற சந்தேகத்தில் சுமார் இரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். கிரனடாவில் கிடைத்த மரியாதையும் நீடிக்கவில்லை. பிஜாயாவில் தலைமை அமைச்சரானார். அமீர் போரில் கொல்லப்பட, வென்றவரிடமே நகரை ஒப்படைத்தார். அவர் அணி மாறியது இந்த ஒரு முறை மட்டுமல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை.

1375-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்தோடு ஒதுங்கினார். அங்கே தன்னைக் கவிழ்த்தவர்களைப் பற்றிப் புலம்பவில்லை. அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் சரிகின்றன என்று ஆராய்ந்தார். 'அஸபிய்யா' என்னும் கூட்டுணர்வு ஓர் ஆட்சியை எழுப்புகிறது. சுகபோகம் அதைக் கரைக்கிறது. பெரும்பாலும் மூன்று தலைமுறைகளில் கதை முடிகிறது. புதிய அரசு குறைந்த வரியில் நிறைய வருவாய் பெறும், தளர்ந்த அரசோ வரியை ஏற்றியும் குறைவாகவே பெறும் என்றும் கண்டார். உள்ளிருந்து பார்த்தவருக்கே இது புலப்படும். 1377-ல், ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவம் முடிந்தது.

சோதனைகள் அத்துடன் ஓயவில்லை. எகிப்தில் காழியாக இருந்தபோது, அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் கப்பல் விபத்தில் மூழ்கினர். அப்பதவியிலிருந்தும் பலமுறை நீக்கப்பட்டார். ஆறாவது முறையாக நியமிக்கப்பட்டிருந்த நிலையில், 1406-ல் கெய்ரோவில் வஃபாத்தானார்.