மானிப்பாய்க் கிறீன் வைத்தியர்

வாழ்வின் பயன் யாது என்று எண்ணும்போதெல்லாம் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என் நினைவில் எழுகின்றார். 1822 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வூஸ்ரர் நகரிற் பிறந்த அவர், நியூயோர்க்கில் வைத்தியங் கற்றுத் தேறினார். தாய்நாட்டிலேயே தொழில் நடத்திச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும், நோயாளரைப் பேணுவதே கிறிஸ்துவுக்குத் தாம் ஆற்றும் ஊழியம் எனத் துணிந்து, 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, நம்மவர்க்கு மேலைநாட்டு வைத்தியம் பயிற்றினார்.

ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடிச் செல்லக் கிராமங்கள் வைத்தியரின்றி இருப்பதை அவர் கண்டார். தாமே தமிழை நன்கு கற்று, 1864 முதல் தமிழிலேயே போதிக்கலானார். கலைச்சொற்களை ஆக்கி, மாணவரின் துணையோடு உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவரிடம் 60 பேருக்கு மேற்பட்டோர் பயின்று வைத்தியராயினர்.

1873 இல் தாயகம் மீண்ட பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் விட்டாரல்லர். 1884 இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்க விரும்பினார்.

தாம் நீங்கிய பின்னும் அப்பணி நிலைக்கும்படி அதனை எம்மவர் கையில், எம்மவர் மொழியில் ஒப்படைத்துச் சென்றார். அவர்தம் விசுவாசத்தின் ஆழத்தை நான் அங்கேதான் காண்கின்றேன்.