திரையில் நின்றார், ஊரை விட்டே ஓடினார்

முன்பெல்லாம் தோட்டத்துத் திடலிலே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு லயமே திரண்டு போகும். பாச்சாங் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். நடிகைகளின் பெயர்களை நாம் தலைகீழாகச் சொல்வோம். ஆனால், நம்மைப் போலவே கூலி வேலை செய்து, திரைக்கு வந்த பி. கே. ரோசியைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் ரோசி. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த சமூகம் அது. புல்லறுத்துப் பிழைத்தார். காக்காரிசி என்னும் நாட்டுக்கூத்திலும் நடித்தார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலத்திலே, ஒரு பெண் மேடையேறுவது சாதாரணக் காரியமா?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர் ஜே. சி. டேனியல். நிலத்தை விற்றுப் படமெடுக்கப் புறப்பட்டார். அவர் எடுத்த 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படமே மலையாளத்தின் முதல் படம். அதன் கதாநாயகி ரோசி. காலையிலே சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, நடித்து முடித்து, பொழுது சாய வீடு திரும்புவாராம். பிரட்டுக்குப் போய் வருகிற நம் பெண்களைப் போலத்தான்!

படத்தின் கதையும் நமக்கு அந்நியமில்லை. திருவாங்கூரிலிருந்து ஒரு பையனைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அவன் இலங்கைத் தோட்டமொன்றிலே கூலியாளாக வளர்கிறான். அதிலே ரோசிக்குக் கிடைத்தது சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். வினை வந்ததும் அந்த வேடத்தால்தான்.

1930இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் திரைக்கு வந்தது. ரோசி வந்து உட்கார்ந்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். தான் நடித்த படத்தின் முதல் காட்சியைப் பார்க்க அவருக்கே இடமில்லாமல் போயிற்று. புலையர் வீட்டுப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கொதித்த கூட்டம் திரையின் மேல் கல்லெறிந்தது. பிறகு அவர் குடிசையையும் கொளுத்தினார்கள்.

உயிர் பிழைக்க ஓடிய ரோசி, தமிழ்நாட்டுக்குப் போகிற லாரியில் ஏறினார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். மறுபடி நடிக்கவேயில்லை. 1988இல் மறைந்தார். படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பணத்தையெல்லாம் இழந்த டேனியலும் வறுமையிலேயே 1975இல் கண்ணை மூடினார்.

டேனியல் பெயரால் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. ரோசியின் பெயரில் 2019இல் திரைப்படச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். ஆனால், அன்றைக்கு அந்தக் குடிசை எரிந்தபோது, பக்கத்திலே வந்து நிற்க நாலு பேர் இருந்திருந்தால் கதையே வேறாகியிருக்கும்.

நாம் கேட்டுக்கொள்வது இதுதான். நம் பிள்ளை மேடை ஏறும்போது, இவள் யார் வீட்டுப் பெண், என்ன சாதி என்று திண்ணையிலே முணுமுணுக்கிற வாய் நம்மிடையே இன்னும் இல்லையா? கல்லெறிந்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வாயை முதலில் அடக்குவோம். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கை தட்டுவோம்.