மௌனமும் மூன்றடியும்: மட்சுவோ பாஷோவின் வாழ்வில் தியானத்தின் இடம்

முன்னுரை

ஜப்பானியக் குறும்பாவைத் தமிழுக்கு அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916 ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை குறித்து அவர் எழுதிய கட்டுரை அதற்குச் சான்றாகும். அதன்பின் தமிழில் ஹைக்கூ பற்றி எழுந்த எழுத்துகளில், அவ்வடிவம் ஜென் தியானத்தின் நேரடி விளைவு என்னும் கருத்து மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. மௌனத்தில் அமர்ந்தால் கவிதை தானே பிறக்கும் என்பதே அக்கருத்தின் சாரம். இதற்குச் சான்றாக முதலில் காட்டப்படுபவர் மட்சுவோ பாஷோ (1644-1694). அவரது வாழ்க்கை இக்கருத்தை எந்த அளவிற்கு உறுதிசெய்கிறது, எவ்விடத்தில் மறுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாஷோ எழுதியவற்றுக்கு அவர் காலப் பெயர் ஹொக்கு என்பதாகும். ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மசாவோகா ஷிகி ஆவார்.

இளமையும் இழப்பும்

பாஷோ இகா மாநிலத்தின் உயெனோ என்னும் ஊரில் எளிய சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூரை ஆண்ட தோதோ குடியைச் சேர்ந்த யோஷிதாதா என்னும் இளைஞரிடம் பணியமர்ந்தார். இருவருக்கும் வயது வேறுபாடு மிகுதியில்லை. இருவரும் கிதாமுரா கிகின் வழியில் தொடர்பாடல் பயின்றனர். பலர் கூடி, ஒருவர் பாடிய அடிகளுக்கு அடுத்தவர் அடி சேர்த்து வளர்க்கும் கூட்டுக்கலை அது. அதன் தொடக்கப் பாடலே ஹொக்கு. 1666 இல் யோஷிதாதா இளம்வயதிலேயே மறைந்தார். தலைவரையும் தோழரையும் ஒருங்கே இழந்த பாஷோ, 1672 இல் எதோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்குச் சில ஆண்டுகள் நகர நீர்வழிப் பணியில் ஈடுபட்டதோடு, பாடல் ஆசிரியராகவும் புகழ்பெற்றார். இக்கட்டம் வரை அவர் பாடல்களில் மேலோங்கி நிற்பது சொல்விளையாட்டும் நகையுமே அன்றி, மௌனம் அன்று.

ஃபுகாகவாக் குடிலும் புச்சோவும்

1680 இல் நகரின் ஆரவாரத்தை விட்டு, சுமிதா ஆற்றின் மறுகரையிலுள்ள ஃபுகாகவாவில் ஒரு குடிலில் தங்கினார். மாணவர் ஒருவர் அங்கு நட்ட வாழையே குடிலுக்கும் பின்னர்க் கவிஞருக்கும் பெயராயிற்று. அருகில் தங்கியிருந்தவர் ரின்சாய் மரபைச் சார்ந்த புச்சோ என்னும் ஜென் துறவி. கஷிமாவிலுள்ள கொன்போன்-ஜி மடத்தின் தலைவரான அவர், மடத்தின் நிலம் குறித்து அங்குள்ள ஆலயத்தோடு எழுந்த வழக்கின் பொருட்டு எதோவுக்கு வந்திருந்தார். ஒரு நிலவழக்கின் வழியே கவிஞருக்கு ஞான ஆசிரியர் வாய்த்தது வரலாற்றின் விந்தையாகும். அவரிடம் பாஷோ தியானம் பயின்றார்.

பயிற்சிக்குப் பின் வாழ்வு அமைதியுறவில்லை. 1682 ஆம் ஆண்டின் இறுதியில் எதோவில் பரவிய பெருந்தீயில் குடில் எரிந்தது. 1683 இல் தாயார் மறைந்தார். நண்பர்கள் பொருள் திரட்டிக் குடிலை மீண்டும் எழுப்பினர். ஆயினும் 1684 முதல் பாஷோ வழிநடையையே வாழ்வாகக் கொண்டார்.

தவளைப் பாடலும் பிற்காலக் கதையும்

பழங்குளத்தில் தவளை பாய்வதைப் பற்றிய பாடல் 1686 இல் வெளிவந்தது. புச்சோ எழுப்பிய ஞான வினாவிற்கு விடையாக அப்பாடல் அக்கணமே பிறந்தது என்னும் கதை பரவலாக வழங்குகிறது. ஆனால் அக்கதை பாஷோ மறைந்து நெடுங்காலத்திற்குப் பின் எழுந்த நூல்களிலேயே காணப்படுகிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1692 இல், மாணவர் ஷிகோ எழுதிய குறிப்பு வேறொரு செய்தியைத் தருகிறது. அதன்படி, தவளை நீரில் பாயும் ஓசை குறித்த பிற்பகுதியே முதலில் அமைந்தது. முதலடிக்கு ஒரு மஞ்சள் மலரின் பெயரை மாணவர் கிககு முன்மொழிந்தார். அது மரபில் தவளையோடு இணைத்துப் பாடப்பட்டுவந்த மலராகும். பாஷோ அதனை ஏற்காமல் பழங்குளத்தைத் தேர்ந்தார். அப்பாடல் அவரது குடிலில் பலர் கூடிய தவளைப் பாடல் அரங்கின் தொகுப்பிலும் முதலிணையில் இடம்பெற்றது. எனவே புகழ்பெற்ற அம்மௌனம் ஓர் அவையின் நடுவே, மரபை அறிந்து விலக்கிய தேர்வினால் அமைந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

1687 இல் முழுநிலவைக் காணக் கஷிமாவிற்குச் சென்றபோது மழை பெய்தது. அன்றிரவு பாஷோ புச்சோவின் இடத்தில் தங்கினார். அப்பயண நூலில் தம்மைத் துறவியுமல்லாத, இல்லறத்தானுமல்லாத ஒருவராகவும், பறவைக்கும் எலிக்கும் இடைப்பட்ட வௌவாலாகவும் குறிப்பிடுகிறார். தியானம் பயின்றும் துறவு ஏற்காத ஒருவரின் இரண்டுங்கெட்டான் நிலை இதில் புலப்படுகிறது.

வடநிலப் பயணமும் திருத்தமும்

1689 இல் மாணவர் சோராவுடன் வடநிலத்திற்குப் புறப்பட்டு, ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் பயணம் செய்தார். வழியில் உன்கன்-ஜி மடத்தின் பின்மலையில் புச்சோ முன்பு தவமிருந்த சிறுகுடிலைத் தேடிச் சென்று கண்டார். பின்னர் யமதேராவில், பாறைகளினூடே சிள்வண்டின் ஒலி ஊடுருவுவதைப் பாடினார். ஆழ்ந்த அமைதியைக் காட்டும் பாடல் எனப் போற்றப்படுவது அது. ஆயின் சோராவின் குறிப்பில் காணும் முதல் வடிவில் அமைதியைச் சுட்டும் சொல்லே இல்லை. அங்கு முதலடியில் நின்றது மலைக்கோயிலின் பெயர். இடையில் தனிமையைச் சுட்டும் வடிவம் ஒன்றும் உண்டு. பயணத்திற்குப் பின் பல ஆண்டுகள் திருத்தப்பட்ட பயண நூலிலேயே அமைதி என்னும் சொல் நிலைபெறுகிறது. மலையில் கவிஞர் கேட்டதை அவர் பின்னரே முழுமையாகச் சொல்ல முடிந்தது என்பதை இவ்வடிவ வரிசை உணர்த்துகிறது.

தனிமையின் எல்லை

1690 இல் பீவா ஏரிக்கு அருகில் கென்ஜூ-ஆன் என்னும் மலைக்குடிலில் சில மாதங்கள் தனித்திருந்தார். அங்கு எழுதிய உரைநடையில், ஒருகாலத்தில் அரசுப் பணியை விழைந்ததையும், மற்றொரு காலத்தில் துறவு மடத்துள் புக எண்ணியதையும், இறுதியில் கவிதை ஒன்றனையே பற்றி நின்றதையும் நினைவுகூர்கிறார். 1693 இல் தாம் பேணிவந்த மருகர் நோயால் இறந்த பின், வாயிற்கதவை அடைத்துச் சில வாரங்கள் எவரையும் காணாதிருந்தார். பின் அக்கதவைத் திறந்து மீண்டும் மாணவரிடையே வந்தார். அன்றாட எளிமையை நாடும் கருமி என்னும் கோட்பாட்டை இறுதி ஆண்டுகளில் வலியுறுத்தினார்.

1694 இல் ஒசாகாவில் நோயுற்றார். கவிதைமேல் தாம் கொண்ட பற்றும் ஒரு மயக்கமே எனப் படுக்கையில் வருந்தியதாக ஷிகோ பதிவு செய்துள்ளார். ஆயினும் நோயிடைக் கனவு பற்றிய புகழ்மிக்க பாடலைச் சொல்லி எழுதச் செய்த மறுநாளே, தம் முந்தைய பாடல் ஒன்று பிறிதொன்றை ஒத்திருப்பதாகக் கூறி அதனைத் திருத்தினார். சில நாள்களில் மறைந்தார். அவர் விருப்பப்படி பீவா ஏரிக்கரையில் கிச்சூ-ஜி கோயிலில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

பாஷோவின் வாழ்வில் தியானத்திற்கு உறுதியான இடம் உண்டு. புச்சோவிடம் பெற்ற பயிற்சி, காட்சியில் தன்னை முன்னிறுத்தாமல் பொருளைப் பொருளாகக் காணும் பார்வையைச் செம்மை செய்திருக்கலாம். எனினும் அப்பார்வை பாடலாவதற்கு அவையும், மரபறிவும், ஆண்டுக்கணக்கான திருத்தமும் தேவைப்பட்டன. தவளைப் பாடலும் சிள்வண்டுப் பாடலும் இதற்குச் சான்றாகும். தியானத்தையும் கவிதையையும் ஒன்றெனக் கொள்வது, அவ்விரண்டிற்கும் இடையே பாஷோ இறுதிவரை அனுபவித்த முரணை மறைத்துவிடும். மௌனம் அவருக்குக் கவிதையின் தோற்றுவாய் மட்டுமன்று. உழைத்து அடைந்த இறுதிச்சொல்லுமாகும். ஹைக்கூவை ஆராய்வோரும் எழுதுவோரும் மௌனத்தோடு இவ்வுழைப்பையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.