கிராமத்திடம் தோற்ற அமைச்சர் – நியூட்டன் பேக்கர் (1871–1937)

நம் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கும் திட்ட அனுமதி நகலை எடுத்துப் பார்த்தால், மனை எந்த உபயோக மண்டலத்தில் வருகிறது என்று ஒரு வரி இருக்கும். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலத்தைப் பிரித்து வைப்பது நமக்குப் பழகிப்போன சமாச்சாரம். அமெரிக்காவில் உள்ளூர் நிர்வாகத்துக்கு அப்படிப் பிரிக்க அதிகாரம் உண்டா என்ற வழக்கு 1926-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிகாரம் கிடையாது என்று நில உரிமையாளர் பக்கம் நின்று வாதாடித் தோற்றவர் நியூட்டன் பேக்கர். அவர் கதையில் சுவாரசியம் என்னவென்றால், அதற்கு முந்தைய இருபது வருடங்களும் அவர் எதிர்ப் பக்கத்தில் இருந்தவர்.

மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1871 டிசம்பர் 3-ம் தேதி பிறந்தார். அப்பா டாக்டர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அங்கே விரிவுரை ஆற்ற வந்த உட்ரோ வில்சனோடு ஒரே விடுதியில் தங்கினார். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் பெரிய பதவியைக் கொண்டுவந்தது. சட்டம் முடித்துவிட்டுச் சொந்த ஊரில் சில காலம் தொழில் செய்தார். அங்கே அவருக்குக் கூட்டாளியாக இருந்த வக்கீல் வெஸ்டன்ஹேவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மேயர் டாம் ஜான்சன், டிராம் கம்பெனிகள் 3 செண்ட் கட்டணத்துக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார். கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு ஓட, நகரத்தின் வக்கீலாக நின்று பதில் சொன்னவர் பேக்கர். 1912-ல் அவரே மேயரானார். நகராட்சி மின் நிலையம் 1914-ல் திறக்கப்பட்டு 3 செண்டுக்கு மின்சாரம் கிடைத்தது. மாநில அரசிடம் கையேந்தாமல் நகரம் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் சாசனம் 1913-ல் நிறைவேறியதிலும் அவர் பங்கு பெரிது.

1916 மார்ச்சில் ஜனாதிபதி வில்சன் அவரைப் போர்த்துறை அமைச்சராக்கினார். ஆள் ஒல்லி, குள்ளம், கண்ணாடி போட்டவர். இளமையில் ராணுவத்தில் சேரப் போய், கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். சமாதானப் பிரியர் என்றும் பெயர். அடுத்த வருடமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. 1917 ஜூலை 20-ம் தேதி கண்ணைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் குடுவையிலிருந்து கட்டாய ராணுவ சேவைக்கான முதல் சீட்டை எடுத்தவர் இவர்தான். எண் 258. போர் முடிவதற்குள் சுமார் 20 லட்சம் பேர் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள்.

1921-ல் கிளீவ்லாந்துக்குத் திரும்பி, தான் தொடங்கியிருந்த சட்ட நிறுவனத்தில் மறுபடி உட்கார்ந்தார். அங்கே வந்ததுதான் ஆம்ப்ளர் ரியால்டி கம்பெனியின் வழக்கு. கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்ற கிராமத்தில், பிரதான சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே அந்தக் கம்பெனிக்கு 68 ஏக்கர் இருந்தது. நகரத்துத் தொழிற்சாலைகள் அந்தத் திசையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தன. விலை ஏறும் என்று காத்திருந்தார்கள். 1922 நவம்பரில் கிராம சபை ஒரு சட்டம் போட்டது. ஊர் முழுவதும் ஆறு உபயோகப் பிரிவுகள். ஆம்ப்ளர் நிலத்தில் சாலையிலிருந்து 620 அடி ஆழம் வரை ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகள் மட்டும். அடுத்த 130 அடியில் அடுக்குமாடி கட்டலாம். ரயில் பாதைப் பக்கம் மிச்சமிருப்பது தொழிலுக்கு.

தொழில் நிலமாக இருந்தால் ஏக்கர் 10,000 டாலர், குடியிருப்பு என்றால் 2,500 டாலர்தான் என்று கம்பெனி கணக்குக் காட்டியது. நான் வங்கியில் இருந்தபோது அடமானத்துக்கு மனை வந்தால், மதிப்பீட்டு அறிக்கையில் முதலில் மண்டலம் என்ன என்றுதான் பார்ப்போம். அதே மண், அதே எல்லைக்கல். ஒரு வார்த்தை மாறினால் மதிப்பு கால் பங்காகிவிடும். அதனால் கம்பெனியின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

நஷ்ட ஈடு கொடுக்காமல் சொத்தின் மதிப்பைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது பேக்கரின் வாதம். நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதைச் சந்தை தீர்மானிக்கட்டும், கிராம சபை அல்ல என்றார். வழக்கை முதலில் விசாரித்த நீதிபதி யார் தெரியுமா? மார்ட்டின்ஸ்பர்க்கின் பழைய கூட்டாளி வெஸ்டன்ஹேவரேதான்! இன்றைக்கென்றால் அந்த நீதிபதி விலக வேண்டும் என்று முதல் நாளே மனுப் போட்டிருப்பார்கள். 1924 ஜனவரியில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் அதில் ஒரு நல்ல கருத்தும் இருந்தது. இந்த மாதிரிச் சட்டம் கடைசியில் ஜனங்களை வருமானப்படி பிரித்து வைக்கத்தான் உதவும் என்று நீதிபதி எழுதினார். அது நடக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

உச்ச நீதிமன்றத்தில் கிராமத்துக்காக வந்தவர் ஜேம்ஸ் மெட்ஸன்பாம். எதிரே நாடறிந்த முன்னாள் அமைச்சர். 1926 ஜனவரியில் வாதம் முடிந்து ஊர் திரும்பும்போது, பேக்கருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையே என்று மெட்ஸன்பாம் மனம் கேட்காமல், வழியிலிருந்தே தலைமை நீதிபதி டாஃப்டுக்குத் தந்தி கொடுத்து, எழுத்தில் பதில் தர அனுமதி கேட்டார். நகரத் திட்டமிடுவோர் சார்பில் ஆல்ஃபிரட் பெட்மன் என்ற வக்கீலும் தனியாக ஒரு மனு கொடுத்தார். அக்டோபரில் வழக்கை மறுபடி கேட்டார்கள். நவம்பர் 22-ல் ஆறுக்கு மூன்று என்று கிராமம் ஜெயித்தது.

நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி அந்தத் தீர்ப்பில் உண்டு. தனி வீடுகள் இருக்கும் தெருவில் வந்து நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்தை நீதிபதி சதர்லாண்ட் ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். அக்கம்பக்கத்து வெளிச்சத்தையும் காற்றையும் திறந்தவெளியையும் அது உறிஞ்சிக்கொள்கிறதாம். நம் பி பிளாக்கில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாலும் காற்று வராது என்பதை அவரிடம் யார் சொல்வது!

கிராமம் ஜெயித்தது சரிதான் என்பது என் அபிப்பிராயம். படுக்கையறைக்குப் பக்கத்தில் உருக்காலை வந்தால் யார் தாங்குவது? ஆனால் ஊருக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடிய மேயரே, ஊரின் அதிகாரத்தைக் குறைக்க எப்படி வாதாடினார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கட்சிக்காரருக்காகப் பேசுவது வக்கீல் தொழில் என்று விட்டுவிடலாம். ஆனால் 1934-ல் மத்திய அரசின் டென்னசி பள்ளத்தாக்கு மின் திட்டம் சட்ட விரோதம் என்று தனியார் மின் கம்பெனிகளுக்குக் கருத்து எழுதிக் கொடுத்தவர்களிலும் அவர் இருந்தார். நகராட்சி மின் நிலையம் திறந்த அதே பேக்கர். வயதாக ஆக மனம் மாறியிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கிடையே 1932-ல் ஜனாதிபதி வேட்பாளராகக்கூட அவர் பெயர் அடிபட்டது, ரூஸ்வெல்ட் முந்திக்கொண்டார். 1937-ல் கிறிஸ்துமஸ் தினத்தன்று, கிளீவ்லாந்தை அடுத்த ஷேக்கர் ஹைட்ஸில் பேக்கர் காலமானார்.

அந்த 68 ஏக்கர் வெகு காலம் காலியாகவே கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே எழுந்தது வீடு அல்ல, தொழிற்சாலை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்களுக்கு பாடி செய்தது அங்கேதான்.