ஊட்டி மலையும் ஹெர்மன் லேமனும்... உங்க சுகர் டெஸ்ட்டுக்குப் பின்னால ஒரு கதை!

சூலூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வழியா ஊட்டிக்குப் போய் செல்ஃபி எடுத்திருப்பீங்க. இந்தியாவுல 'சிக்கிள் செல்' கதை ஆரம்பிச்சதே அந்த மலை மக்கள்கிட்டதான்னு தெரியுமா? ஆரம்பிச்சு வெச்சவர் ஹெர்மன் லேமன்.

1910-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியில் அங்கே எதிர்காலம் இல்லைன்னு 1936-ல் இங்கிலாந்து போனார். அடைக்கலம் கொடுத்த அதே நாடு, போர் வந்ததும் 1940-ல் எதிரி நாட்டுக்காரர்னு சொல்லி அவரை முகாமில் அடைச்சது. அப்புறம் அதே நாட்டு ராணுவத்தின் டாக்டராகவே இந்தியா வந்தார். என்ன விதியோ!

போருக்குப் பிறகு உகாண்டாவில் ரத்தசோகை ஆராய்ச்சி. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற சிக்கிள் செல்லை, ஆப்பிரிக்கர்களின் நோய்னு பரவலா நம்பிய காலம் அது. லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் ரத்தத்தை ஆராய்ந்து, இங்கேயும் அது இருக்குன்னு 1952-ல் எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம பழங்குடி மக்களின் தீராத மூட்டுவலிக்கும் சோர்வுக்கும் ஒரு பெயர் கிடைச்சது.

1963-லிருந்து கேம்பிரிட்ஜில், உலகம் முழுக்க இருந்து வந்த விநோத ஹீமோகுளோபின்களை அடையாளம் காண்றதே அவர் வேலை. இதே மாதிரி ஒரு தேடலில்தான் 1968-ல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர், சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபின் மாறியிருக்கிறதைக் கவனிச்சார். இன்னிக்கு உங்க அப்பா எடுக்கிற 'ஹெச்பிஏ1சி', அதாவது மூணு மாச சுகர் டெஸ்ட், அங்கிருந்து வந்ததுதான்.

சிக்கல் இங்கேதான். சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அத்தனை நாளும் அதில் சர்க்கரை ஒட்டும். சிக்கிள் செல் நோயில் 10 - 20 நாளிலேயே உடைஞ்சிடும். ஒட்டுறதுக்கு நேரமே இல்லை! நிஜத்துல சுகர் எகிறியிருக்கும், ரிப்போர்ட்ல 'நார்மல்'னு வரும். அதை நம்பி மாத்திரையைக் குறைச்சா கண்ணும் கிட்னியும்தான் அடிவாங்கும். அடிக்கடி ரத்தம் ஏத்துறவங்களுக்கு இரும்புச்சத்து கணையத்துல படிஞ்சு, அதனாலேயே சர்க்கரை நோய் வரவும் வாய்ப்புண்டு. இவங்களுக்கு வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை, ஃப்ரக்டோசமைன் மாதிரி டெஸ்ட்களை வெச்சுதான் டாக்டர்கள் கணிப்பாங்க. குடும்பத்துல யாருக்காவது சிக்கிள் செல் இருந்தா, சுகர் டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

லேமன் 1985-ல் கேம்பிரிட்ஜில் காலமானார். கூடலூர் 'அஸ்வினி' மருத்துவமனையில், அதே நீலகிரி மக்களுக்கான சிக்கிள் செல் சிகிச்சை இன்னும் நடந்துட்டு இருக்கு.